சுஷி ஓகே பாஸ்... சாஸ் ஓகேவா?

கேம்பஸ் இன்டர்வியூவில் ஒருத்தன் செலக்ட் ஆனா போதும், அவன் முதல் சம்பளத்தைக் கண்ணால பார்க்கிறதுக்கு முன்னாடியே நாம அதுக்குச் செலவு வெச்சிடுவோம். சீனியர்கள் காலத்து ட்ரீட் எல்லாம் மத்தூர் ரோட்டோரத்தில் ரெண்டு செட் பரோட்டா, ஒரு ஆம்லெட்டோட முடிஞ்சுது. அப்புறம் அது கிருஷ்ணகிரி பிரியாணி ஆச்சு. அப்புறம் ஓசூர் பீட்சா. இப்போ அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி, கோரமங்கலா, இந்திரா நகர்னு போய், குச்சியை எந்தக் கையில எப்படிப் பிடிக்கிறதுனு தெரியாம ஒரு தட்டு சுஷி முன்னாடி திருதிருனு முழிச்சுக்கிட்டு இருக்கோம்!

ஜப்பான் சாப்பாடு நமக்கு இவ்வளவு பக்கத்துல வந்ததுக்கு நம்ம ஏரியா ஃபேக்டரிகளும் ஒரு காரணம். பெங்களூருக்கு அந்தப் பக்கம் பிடதியில் டொயோட்டா 1999-ல் கார் தயாரிக்க ஆரம்பிச்சது. கோலார் ரோட்டில் நரசாபுராவில் ஹோண்டா டூவீலர் பிளான்ட் 2013-ல் வந்தது. கூடவே ஜப்பான் இன்ஜினீயர்கள் வந்தாங்க. அவங்க நாக்குக்காகக் கடைகள் வந்தது. அவங்களைப் பார்த்து ஐ.டி. கூட்டம் சாப்பிட ஆரம்பிக்க, ஐ.டி. கூட்டத்தைப் பார்த்து நாமளும் கிளம்பிட்டோம்.

சாப்பிடுங்க, தப்பே இல்லை. ஆனா உங்க கேங்ல யாருக்காவது சாப்பாட்டு அலர்ஜி இருந்தா, அந்தத் தட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க. உங்களுக்கு அலர்ஜி இல்லைன்னாலும் படிங்க. ஏன்னா, பக்கத்து சீட்டில் இருக்கிறவருக்கு மூச்சு அடைக்கும்போது அவரால இதையெல்லாம் சொல்ல முடியாது.

முதல்ல ஒரு விஷயத்தை கிளியர் பண்ணிடலாம். சுஷின்னா பச்சை மீன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்கோம். இல்லவே இல்லை. வினிகர் போட்டுப் புளிப்பாக்கின சோறுதான் சுஷி. அதுமேல மீனும் வைக்கலாம், வெள்ளரிக்காயும் வைக்கலாம், முட்டையும் வைக்கலாம். சோறு இல்லாம வெறும் பச்சை மீனை மட்டும் வெட்டி வைச்சா அதுக்குப் பேர் சஷிமி. அதனால, 'நான் மீன் சாப்பிடலை, வெஜ் சுஷிதான், எனக்கு ஒண்ணும் ஆகாது'ங்கிறது பாதி உண்மைதான். மீதி பாதியில்தான் மேட்டரே இருக்கு.

உள்ளே யாரு ஒளிஞ்சிருக்கா?

நம்ம ஊர் சாப்பாட்டுல என்ன இருக்குன்னு நமக்குக் கண்ணை மூடிக்கிட்டே தெரியும். சாம்பார்ல பருப்பு, மோர்க்குழம்புல தயிர். ஆனா சுஷி நமக்குப் புது சப்ஜெக்ட். சிலபஸே தெரியாம எக்ஸாம் ஹாலுக்குப் போற மாதிரி.

சோயா சாஸையே எடுத்துக்கங்க. பேர்லயே சோயா இருக்கு, அதனால சோயா அலர்ஜி உள்ளவங்க உஷாராயிடுவாங்க. ஆனா ஜப்பான் பாணி சோயா சாஸில் சோயா அளவுக்குக் கோதுமையும் போடுவாங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? கோதுமை ஆகாதவங்க 'நான் அரிசிதானே சாப்பிடறேன்'னு நம்பி அதுல முக்கி முக்கிச் சாப்பிட்டா அவ்வளவுதான்.

அடுத்து அந்த அழகான சிவப்பும் வெள்ளையுமான 'கிராப் ஸ்டிக்'. பேர்தான் நண்டு. உள்ளே இருக்கிறது பெரும்பாலும் அரைச்ச வெள்ளை மீன், மாவு, முட்டை வெள்ளைக்கரு. வாசனைக்காக சிலதுல நண்டுச் சாறும் சேர்ப்பாங்க. ஆக மீன் ஆகாதவர், முட்டை ஆகாதவர், கோதுமை ஆகாதவர், நண்டு ஆகாதவர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குச்சியில் ஆப்பு!

பச்சை கலர்ல மூக்கைத் துளைக்கிற வசாபி, பெரும்பாலான கடைகளில் அசல் வசாபி கிடையாது. அசல் ரொம்ப காஸ்ட்லி. ஹார்ஸ்ராடிஷ்னு ஒரு வேரையும் கடுகையும் சேர்த்து பச்சை கலர் போட்டதுதான் நம்ம தட்டுக்கு வரும். கடுகு அலர்ஜிக்காரங்க நோட் பண்ணுங்க. ஸ்பைஸி மயோனைஸில் முட்டை. மேலே தூவுறது எள். மொறுமொறுன்னு வர்ற தெம்பூரா தூள் கோதுமை மாவு. ஆரஞ்சு கலர்ல ஜவ்வரிசி மாதிரி மின்னுறது மீன் முட்டை. பக்கத்துல ஒரு கிண்ணத்துல அப்பாவியா வர்ற மிஸோ சூப்பில், காயவெச்ச மீனைச் சீவிப் போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணிதான் பேஸ். வெஜ்னு நினைச்சு எடுத்துக் குடிச்சுடாதீங்க.

'வேக வெச்சுட்டா அலர்ஜி போயிடும்ல?' போகாது. இறால், நண்டு அலர்ஜிக்கு முக்கியக் காரணமான டிரோபோமயோசின்ங்கிற புரதம் சூட்டுக்கெல்லாம் அசையாது. பச்சை இறாலும் ஒண்ணுதான், எண்ணெயில் பொரிச்ச இறாலும் ஒண்ணுதான். ஃப்ரீசரில் வெச்சாலும் அப்படித்தான். சுஷி மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைக்கிறது புழுக்களைக் கொல்றதுக்கு. அலர்ஜிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. (இதைப் படிச்சுட்டு கே.ஆர்.பி. அணையில மீன் வாங்கிட்டு வந்து ஹாஸ்டல் ரூம்ல சுஷி ட்ரை பண்ற ஐடியா யாருக்காவது வந்திருந்தா, தயவுசெஞ்சு வேணாம். ஆத்து மீன், ஏரி மீனைப் பச்சையா சாப்பிட்டா ஒட்டுண்ணி தொல்லை தனி எபிசோடா ஓடும். அணை மீனை வறுத்துச் சாப்பிடுங்க, அதுதான் அதுக்கு மரியாதை.)

இன்னொரு குழப்பமும் இருக்கு. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களைப் பிடிச்சதிலிருந்து சரியா ஐஸ்ல வைக்கலைன்னா அதுல ஹிஸ்டமின் உருவாகும். அதைச் சாப்பிட்டா முகம் சிவந்து, தடிச்சு, தலைவலி வந்து, அச்சு அசல் அலர்ஜி மாதிரியே இருக்கும். ஆனா அது ஃபுட் பாய்சன் வகை. அதே மீனைச் சாப்பிட்ட நாலு பேருக்கும் வந்தா இதைச் சந்தேகப்படலாம். எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்டே போறதுல மாற்றம் இல்லை. கடல் இல்லாத ஊர்ல மீன் எத்தனை மணி நேரம் வண்டியில வந்திருக்கும்னு யோசிச்சுட்டு ஆர்டர் பண்றது புத்திசாலித்தனம்.

கத்திதான் பென் டிரைவ்

கம்ப்யூட்டர் லேப்ல ஒரே பென் டிரைவை முப்பது சிஸ்டத்துல சொருகி, முப்பதுக்கும் வைரஸ் பரப்பின அனுபவம் நம்ம எல்லாருக்கும் உண்டு. சுஷி கவுன்டரில் அந்தப் பென் டிரைவ் வேலையைப் பார்க்கிறது கத்தி. இறால் ரோலை வெட்டின கத்தி அடுத்த நிமிஷம் வெள்ளரிக்காய் ரோலை வெட்டும். ரோலைச் சுருட்டுற மூங்கில் பாய், செஃப் போட்டிருக்கிற க்ளவுஸ், வெட்டுற பலகை, எல்லாமே ஷேரிங். க்ளவுஸ் போட்டிருக்காரே, சுத்தம்தானேன்னு நினைப்போம். அது அவர் கைக்குத்தான் சுத்தம். பொரிக்கிற எண்ணெய்ச் சட்டி இன்னும் மோசம். இறாலும் காயும் ஒரே சட்டியில்தான் குளிக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு. பெங்களூருல நம்ம பட்ஜெட்டுக்கு சுஷி போடுற நிறைய கடைகள் சுத்தமான ஜப்பான் கடைகள் கிடையாது. 'பான் ஏஷியன்'னு போர்டு இருக்கும். அதாவது அதே கிச்சன்ல தாய்லாந்து நூடுல்ஸ் மேல வேர்க்கடலையைத் தூவிக்கிட்டு இருப்பாங்க. சாத்தே சிக்கனுக்கு வேர்க்கடலை சாஸ் கொதிக்கும். சுஷியில் பொதுவா வேர்க்கடலைக்கு வேலையே இல்லை. ஆனா கிச்சன்ல இருக்கே!

என் கிளாஸ்மேட் ஒருத்திக்கு வேர்க்கடலை அலர்ஜி. நம்ம மாவட்டத்துல இது எவ்வளவு பெரிய கஷ்டம்னு யோசிங்க. தோட்டத்துல கடலை, சட்னியில கடலை, பஸ் ஜன்னல்ல கடலை. ஸ்கூல் படிக்கும்போது ஒரு ஹோட்டல்ல 'தேங்காய் சட்னி'ன்னு சொல்லி வெச்சதுல கடலையும் அரைச்சிருந்தாங்க. உதடு வீங்கி, குரல் மாறி, ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி முழுக்க இருந்திருக்கா. முந்திரி விலைக்குப் பயந்து குருமாவில் வேர்க்கடலை அரைச்சு ஊத்துறது நமக்கெல்லாம் சாதாரண விஷயம். அவளுக்கு அது உயிர் விஷயம். இப்போ ஃபேஷனா திரும்பி வந்திருக்கிற செக்குக் கடலை எண்ணெயும் அப்படித்தான். நல்லா சுத்திகரிச்ச எண்ணெயில் கடலைப் புரதம் கிட்டத்தட்ட இருக்காது. செக்கில் ஆட்டினதுல இருக்கும்.

போன செமஸ்டர் லீவில் ஒரு ட்ரீட்டுக்கு அவளும் வந்தா. சர்வர் அண்ணாகிட்டே, "அண்ணா, கடலை எதுலயும் இருக்கக் கூடாது"ன்னு சொன்னா. அவர் கன்னடக்காரர். ரொம்பப் பொறுமையாக் கேட்டுட்டு, "கடலேனா? இல்லா மேடம்"னு சிரிச்சார். மேட்டர் ஓவர்னு நாங்க மெனு கார்டைத் திறந்தோம். அவ விடலை. "கடலேகாயி?"ன்னு திருப்பிக் கேட்டா. அவர் முகம் மாறிச்சு. "ஓ, கடலேகாயியா? சாஸ்ல இதெ மேடம்!"

என்ன நடந்ததுன்னு புரியுதா? கன்னடத்துல 'கடலே'ன்னா கொண்டைக்கடலை வகை. நம்ம வேர்க்கடலைக்கு அங்கே பேர் 'கடலேகாயி', 'கடலேபீஜா'. பசவனகுடியில வருஷா வருஷம் கார்த்திகை மாசம் நடக்கிற 'கடலேகாயி பரிஷே' நம்ம வேர்க்கடலைக்கான திருவிழாதான். ஒரே ஒரு 'காயி' விட்டுப் போனதுல ஒரு உயிரே போயிருக்கலாம். நம்ம பக்கத்திலேயே ஊத்தங்கரை தாண்டித் திருவண்ணாமலைப் பக்கம் போனா அதே கடலைக்கு 'மல்லாட்டை'ன்னு பேர். (கேம்பஸ்ல நாம போடுற 'கடலை' வேற டிபார்ட்மென்ட். அதுக்கு அலர்ஜி ஹெச்.ஓ.டி.க்கு மட்டும்தான்!)

அவ அதோட விடலை. "செஃப்கிட்டே பேசலாமா?"ன்னு கேட்டா. வடகிழக்குப் பக்கத்துப் பையன், நம்ம வயசுதான் இருக்கும், கையைத் துடைச்சுக்கிட்டே வெளியே வந்தார். ஹிந்தியில 'மூங்ஃபலி'ன்னதும் அவருக்குப் புரிஞ்சுடுச்சு. தெம்பூரா வேணாம், எண்ணெய்ச் சட்டி பொது. மேலே சாஸ் ஊத்தின ரோல் எதுவும் வேணாம். வெள்ளரிக்காய் ரோலும், சாஸ் இல்லாத சாமன் நிகிரியும் பண்ணித் தர்றேன், பலகையைக் கழுவி, வேற கத்தி, வேற க்ளவுஸ் எடுக்கணும், இருபது நிமிஷம் ஆகும்னு சொன்னார். கூடவே, பாட்டில் சாஸ் வேணாம்னு சீல் பண்ணின சோயா சாஸ் பாக்கெட் கொடுத்தார். (வேர்க்கடலை ஆகாதவங்க பல பேருக்கு சோயா ஒத்துக்கும். ஆனா உங்களுக்கு ஒத்துக்குமாங்கிறதை டாக்டர்தான் சொல்லணும். அவளுக்கு டெஸ்ட் பண்ணிச் சொல்லியிருக்காங்க.)

இருபது நிமிஷம் நாங்க எல்லாரும் காத்திருந்தோம். ஒருத்தன் மட்டும், "ஏய், ஓவரா சீன் போடறடி... ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?"னு ஆரம்பிச்சான். அவ அமைதியா, "ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு ராத்திரி ஆக்சிஜன் வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்டா"ன்னா. அப்புறம் அவன் வாயே திறக்கலை.

இந்த 'சீன் போடாத' டயலாக்கைப் பத்தி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. சாப்பாட்டு அலர்ஜியால உயிர் போற ஆபத்து அதிகமா இருக்கிறது டீன் ஏஜ்லயும் இருபதுகளின் தொடக்கத்துலயும்தான், அதாவது நம்ம வயசுல. வீட்ல அம்மா பார்த்துப் பார்த்துச் சமைச்சவரைக்கும் பிரச்னை இல்லை. ஹாஸ்டலுக்கு வந்ததும் வெளிச் சாப்பாடு அதிகம். மருந்தை எடுத்துட்டுப் போக வெட்கம். எல்லார் முன்னாடியும் சர்வர்கிட்டே நாலு கேள்வி கேட்கக் கூச்சம். ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்ணுவாங்களேன்னு பேசாம சாப்பிட்டுடறாங்க.

'நோ நட்ஸ்'னு எழுதியும்...

கேட்டுட்டா மட்டும் போதுமா? இங்கிலாந்தில் வடக்கு யார்க்‌ஷயர், ஈசிங்வோல்ட்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஓர் இந்திய ரெஸ்டாரன்ட்டில் 2014 ஜனவரியில் ஒரு 38 வயசுக்காரர் சிக்கன் டிக்கா மசாலா பார்சல் வாங்கினார். வேர்க்கடலை ஆகாதுன்னு தெளிவாச் சொல்லித்தான் வாங்கினார். டப்பா மூடியில் 'நோ நட்ஸ்'னு எழுதியே கொடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரியே அவர் இறந்துட்டார். காரணம், கடைக்காரர் செலவைக் குறைக்க, பாதாம் பவுடருக்குப் பதிலா வேர்க்கடலை கலந்த மலிவான பவுடரை வாங்க ஆரம்பிச்சிருந்தார். மூணு வாரம் முன்னாடிதான் அவரோட இன்னொரு கடையில சாப்பிட்ட 17 வயசுப் பொண்ணுக்கு அலர்ஜி வந்திருந்தது. அப்பவும் மாத்தலை. 2016-ல் கோர்ட் அவருக்கு ஆறு வருஷம் ஜெயில் தண்டனை கொடுத்தது.

அதே 2016 ஜூலையில் நடாஷாங்கிற 15 வயசுப் பொண்ணு, லண்டன் ஹீத்ரூ ஏர்போர்ட்ல ஒரு சாண்ட்விச் வாங்கினா. லேபிள்ல எள்ளுன்னு போடலை. ஆனா மாவுக்குள்ளேயே எள்ளைச் சேர்த்து பேக் பண்ணியிருந்தாங்க. ஃப்ளைட் பறக்கும்போதே ரியாக்‌ஷன், கையில இருந்த ரெண்டு ஊசியும் போட்டும் காப்பாத்த முடியலை. அவ அப்பா அம்மா விடாமப் போராடி, கடையிலேயே பேக் பண்ணி விக்கிற சாப்பாட்டுக்கும் முழு லேபிள் கட்டாயம்னு 2021 அக்டோபரில் சட்டம் கொண்டுவர வெச்சாங்க. அந்தச் சட்டத்துக்குப் பேரே 'நடாஷா சட்டம்'.

நம்ம நாட்டுல? உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் கொண்டுவந்த லேபிள் விதிகளில் அலர்ஜிப் பொருட்கள் பட்டியல் இருக்கு. கோதுமை மாதிரி குளூட்டன் தானியங்கள், இறால்-நண்டு வகை, மீன், முட்டை, பால், வேர்க்கடலை மற்றும் கொட்டை வகைகள், சோயா, சல்ஃபைட். எள்ளும் கடுகும் அதுல இல்லை! ஹோட்டல்களைப் பொறுத்தவரை, மத்திய லைசென்ஸ் உள்ளதும், பத்து அல்லது அதுக்கு மேல கிளைகள் இருக்கிறதும்தான் மெனுவோட அலர்ஜி விவரம் தரணும். தெருமுனையில இருக்கிற ஒத்தை சுஷி கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஜப்பான்லயே அலர்ஜி லேபிள் கட்டாயம்கிறது பாக்கெட் உணவுக்குத்தான், ரெஸ்டாரன்ட்டுக்கு இல்லை. அதனால மெனு கார்டுல ஒண்ணும் போடலைன்னா, ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

ஆப்ல ஆர்டர் பண்ணி, குறிப்புல 'நோ பீநட்'னு டைப் பண்றது எனக்கு நம்பிக்கை தரலை. அதை யார் படிப்பாங்க? ரூமுக்கு வரவைக்கிறதா இருந்தா கடைக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்க. கூட்டம் நெரியுற சனிக்கிழமை ராத்திரி எட்டு மணியை விட, மதியம் கடை திறந்தவுடனே போனா பதில் சொல்ல அவங்களுக்கும் நேரம் இருக்கும். 'இதுல அலர்ஜி ஏதாவது இருக்கா?'ன்னு பொதுவாக் கேட்டா, 'இல்லை'ங்கிற பொதுவான பதில்தான் வரும். 'இந்த சாஸை நீங்களே செய்றீங்களா, பாட்டில்ல வாங்குறீங்களா? பாட்டிலைப் பார்க்கலாமா? வேற கத்தி இருக்கா?'ன்னு கேட்டுப் பாருங்க. "தெரியலை, செஃப்கிட்டே கேட்டுட்டு வர்றேன்"னு சொல்ற சர்வரை நம்பலாம். கேள்வியை முடிக்கிறதுக்குள்ள "ஒண்ணும் ஆகாது சார்"ங்கிறவர் கடையில ஒரு ஃப்ரெஷ் லைம் குடிச்சுட்டுக் கிளம்பிடுங்க.

பார்டர் ஏரியாக்காரங்க பர்ஸில் வெச்சுக்க:
வேர்க்கடலை - கன்னடத்தில் கடலேகாயி, தெலுங்கில் வேருசனகலு அல்லது பல்லீலு, ஹிந்தியில் மூங்ஃபலி.
எள் - எள்ளு, நுவ்வுலு, தில். ஜப்பான் மெனுவில் கோமா.
இறால் - சிகடி, ரொய்யலு, ஜீங்கா. ஜப்பான் மெனுவில் எபி.
முட்டை - மொட்டெ, கோடிகுட்டு, அண்டா. ஜப்பான் மெனுவில் தமாகோ.

அவில் போட்டா போதுமா?

போதாது. நம்ம ஊர்ல அலர்ஜின்னா உடனே கை போறது அவில், செட்ரிசின் மாத்திரைக்குத்தான். அரிப்பு, தடிப்புக்கு அது உதவும். ஆனா தொண்டை அடைச்சு, மூச்சு இழுத்து, குரல் கம்மி, தலை சுத்தி, திரும்பத் திரும்ப வாந்தி வந்தா அதுக்குப் பேர் அனஃபிலாக்ஸிஸ். (1902-ல் இந்தப் பேரை வெச்ச ரெண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள்ல ஒருத்தரான சார்லஸ் ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசே கிடைச்சது.) அதுக்கு முதல் மருந்து ஒண்ணே ஒண்ணுதான்: தொடைச் சதையில் போடுற அட்ரினலின் ஊசி. மாத்திரை வேலை செய்யட்டும்னு காத்திருக்கிற அந்த அரை மணி நேரம்தான் ஆபத்து.

ஹாலிவுட் படத்துல தொடையில குத்துற பேனா மாதிரி ஊசி நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்ல சாதாரணமாக் கிடைக்கிற சரக்கு இல்லை. ஆனா அட்ரினலின் மருந்து ஒண்ணும் அபூர்வம் இல்லை. தடுப்பூசி போடுற ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல அவசரத்துக்குன்னு அது இருக்கும். ஏற்கனவே ஒரு தடவை பெரிய ரியாக்‌ஷன் வந்தவங்க, கையில என்ன வெச்சுக்கணும், எப்படிப் போடணும்னு அலர்ஜி டாக்டர்கிட்டே கத்துக்கணும். என் கிளாஸ்மேட் தன்னோடதை பேக்ல எந்த ஜிப்ல வெச்சிருக்காங்கிறதை எங்க நாலு பேருக்கும் காட்டி வெச்சிருக்கா.

பக்கத்துல இருக்கிறவங்க செய்ய வேண்டியது: ஆளைப் படுக்க வெச்சுக் காலைத் தூக்கி வைங்க. மூச்சுத் திணறினா உட்கார விடுங்க. பைக்ல நடுவுல உட்கார வெச்சு ட்ரிப்பிள்ஸ் போற வேலை, 'கொஞ்சம் நட, சரியாகிடும்'கிற அட்வைஸ் ரெண்டும் வேணவே வேணாம். எழுந்து நின்னா ரத்த அழுத்தம் சட்டுனு விழும். 108-க்கு அடிங்க. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே நம்பர்தான். கேஷுவாலிட்டியில 'ஏதோ ஒத்துக்கலை சார்'னு இழுக்காம, 'சாப்பாட்டு அலர்ஜி, மூச்சுத் திணறல், அனஃபிலாக்ஸிஸா இருக்கலாம்'னு நேரா சொல்லுங்க. சரியான மாதிரி இருந்தாலும் உடனே டிஸ்சார்ஜ் கேட்காதீங்க. சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது ரவுண்டு வரலாம், அதுக்காகத்தான் அங்கேயே இருக்கச் சொல்வாங்க.

அப்புறம், ஹோட்டல் பில்லைக் கசக்கிப் போட்டுடாதீங்க. எந்தெந்த ரோல், எந்த சாஸ்னு அதுலதான் இருக்கும். எது ஆகலைன்னு கண்டுபிடிக்க அலர்ஜி டாக்டர் முதல்ல கேட்கப் போறது அதைத்தான். ட்ரீட் கொடுத்தவன் பர்ஸ்ல எங்கேயாவது மடிச்சு வெச்சிருப்பான், கேட்டு வாங்கிக்கங்க.